செவ்வாய் என்று தட்டியது யார்?

அத்தியாயம் 6

கொலை என்றால் எங்கள் வின்டர்தூர் ஊர்க்காரர்கள் போலீசுக்கு ஒரு போன் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இது அதைவிடப் பெரிய விவகாரம். சலவை அறை.

கூட்டுறவுக் குடியிருப்பின் அடித்தளத்தில், எல்லா வீடுகளும் நாள் பிரித்துத் துவைக்கும் இரண்டு பொது வாஷிங் மெஷின்களுக்கு நடுவே நின்று, துப்பறிவாளர் உர்சினா கஃப்லிஷ் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, குட்டை முடி, யாரையும் அவசரப்படுத்தாத முகம். அவளுடைய உதவியாளன் யோஸ்ட் ஒரு மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். அவன் தின்னாத நேரத்தில் பேசுவான். பேசாத நேரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

“சத்தமா படிங்க மேடம். நானும் பயப்படறேன்.”

உர்சினா படித்தாள். “‘கடந்த புதன்கிழமை பிற்பகல் 2.10 மணிக்கு, மூன்றாம் எண் வீட்டின் பெயரிலிருந்து, இருபத்திரண்டு குடும்பங்களின் டிசம்பர் மாதச் சலவை நாட்களும் அழிக்கப்பட்டன. இது அந்த வீட்டின் மேல் மூன்றாவது புகார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். வெளியேற்றம் குறித்து வாக்கெடுப்பு.’ கீழ இருபத்தோரு கையெழுத்து.”

“முதல் ரெண்டு புகார் என்னவாம்?”

“ஒண்ணு, ஞாயித்துக்கிழமை பால்கனியில போர்வை காயப்போட்டது. ரெண்டு, டிரையர் வடிகட்டியில சேர்ந்த துணிப் பஞ்சை எடுக்காம விட்டது.”

“பயங்கரமான குடும்பமா இருக்கே! கிறிஸ்துமஸுக்கு மாமியார் வர்ற நேரம். படுக்கை விரிப்பு துவைக்க நாளைப் பிடுங்கினா, நானே வந்து ஓட்டுப் போடுவேன்.”

“சாப்பிட்டு முடி. மணி மூணு ஆயிடுச்சு.”

இன்றுதான் அந்தச் சனிக்கிழமை; ஐந்து மணிக்குள் கண்டுபிடிக்காவிட்டால் வீடு போய்விடும். மூன்றாம் எண்ணில் க்ளெமென்ஸ் ஃப்ராய்லரும் அவர் மனைவி லீஸ்பெத்தும் இருபத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறார்கள். க்ளெமென்ஸ் ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். லீஸ்பெத்துக்கு ஆறு வருடமாகக் கண் தெரியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். எந்த இழுப்பறை இறுகும், எந்தப் பலகை முனகும் எல்லாம் அவர் உடம்புக்குத் தெரியும். வேறு வீட்டுக்குப் போனால் அன்றுதான் அவர் நிஜமாகவே குருடாவார். இதை அவர்கள் மகள் சிபில்தான் போனில் அழுதுகொண்டே உர்சினாவிடம் சொன்னாள். லோசானிலிருந்து காலையிலேயே காரில் வந்து இறங்கிவிட்டாள். உர்சினாவை அமர்த்தியதும் அவள்தான்.

சலவை அட்டவணையை இணையத்தில் ஏற்றிக் கொடுத்ததே க்ளெமென்ஸ். ஆகவே குடியிருப்பவர்களில் அவர் வீட்டுப் பெயருக்கு மட்டும் எல்லார் நாளையும் மாற்றும் உரிமை உண்டு. புதன்கிழமை விஷயம் தெரிந்ததும், தன்னிடம் இருந்த நகலை வைத்து மாலைக்குள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டார். அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. செய்தவனுக்குத்தானே சரிசெய்யத் தெரியும் என்றார்கள். அழித்த கட்டளை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே வந்தது என்று நிர்வாகக் குழு ஆள் வைத்துப் பார்த்து உறுதியும் செய்துவிட்டது.

படிக்கட்டில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. ட்ரூப் வந்தார். இந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர், பழுது பார்ப்பவர், பஞ்சுப் பரிசோதகர். முதல் இரண்டு புகாரையும் எழுதியவர் அவர்தான்.

“மெஷின் மேல உட்காரக் கூடாது” என்றார், வணக்கம் கூடச் சொல்லாமல்.

யோஸ்ட் இறங்கினான். ட்ரூப் அந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

“புதன்கிழமை ரெண்டு மணிக்கு எங்க இருந்தீங்க?” என்று உர்சினா கேட்டாள்.

“மூணாம் நம்பர் வீட்டுல. ரூமைச் சூடாக்கற ரேடியேட்டர்ல காத்து அடைச்சிருந்துச்சு, எடுத்து விட்டேன்.”

“எவ்வளவு நேரம்?”

“இருபது நிமிஷம்.”

“கூட யாரு?”

“யாருமில்ல. ஐயா சீட்டாடப் போயிருந்தார். அம்மா சமையலறையில பிஸ்கட் மாவு பிசைஞ்சிட்டிருந்தாங்க.”

“அந்த ரூம்லதானே கம்ப்யூட்டர் இருக்கு?”

“ஆமா, இருக்கு. அதுக்கென்ன இப்போ?”

யோஸ்டின் முகம் மலர்ந்துவிட்டது. “மேடம், கேஸ் முடிஞ்சிடுச்சு. கையில விலங்கு இல்ல, துணி காயப்போடற கயிறு இருக்கு, கட்டிடட்டுமா?”

“கயிறு ஏழாம் நம்பரோடது. தொடாதே” என்றார் ட்ரூப்.

உர்சினா சிரிக்கவில்லை. “மேல வாங்க ட்ரூப். ஒரு சின்ன உதவி வேணும்.”

முதல் மாடி வீட்டு வாசலில் மடித்துக் கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளில் யோஸ்ட் தடுக்கி விழப் பார்த்தான்.

“மன்னிச்சிடுங்க, நான்தான் கொண்டு வந்தேன்” என்று சிபில் ஓடி வந்து அவற்றை ஓரமாகத் தள்ளினாள். நாற்பது வயது, அழுது வீங்கிய கண்கள். “ஒருவேளை ஓட்டு நமக்கு எதிரா போயிட்டா... பொருளை எல்லாம் கட்டணுமே.”

“நல்ல முன்யோசனை” என்றாள் உர்சினா.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு இல்லை. லீஸ்பெத் மேஜை மேல் மாவைத் தேய்த்து நட்சத்திர அச்சால் வெட்டிக்கொண்டிருந்தார். வீடே போகப்போகிற நாளில் பிஸ்கட்டா என்று கேட்கத் தோன்றும். கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. க்ளெமென்ஸ் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் வீம்பாக உட்கார்ந்திருந்தார்.

“இதுல என்ன திரையே கெட்டுப்போச்சா?” என்று யோஸ்ட் குனிந்து பார்த்தான். திரை கறுப்பாக இருந்தது. எழுத்து மட்டும் வெள்ளையில். மேலே முகவரி எழுதும் இடம் இல்லை, பொத்தான் இல்லை, அம்புக்குறி இல்லை.

“கெட்டுப்போனது உங்க பிரவுசர் தம்பி” என்றார் க்ளெமென்ஸ். மூன்று நாளாக அவமானத்தில் கிடந்தவருக்கு உயிர் வந்துவிட்டது. “எங்க பாத்தாலும் படம், விளம்பரம். கண்ணு தெரியாதவங்க அதுல எதைத் தொடுவாங்க? இதுல மவுஸே கிடையாது. எல்லாம் விசைப்பலகைதான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு வேலை. இது பக்கத்தை மூடும், இது கீழே இறக்கும், இதைத் தட்டினா அடியில ஒரு வரி திறக்கும். அதுல பேரைச் சொன்னா போதும், பக்கம் வந்துடும். தட்டறதை எல்லாம் லீஸ்பெத்துக்கு ஒரு குரல் படிச்சுக் காட்டும்.”

“பேரா? முகவரி வேண்டாமா?”

“முகவரி ஒரு முழம் நீளம் இருக்கு, அதை யாரு ஞாபகம் வெச்சுக்கறது? எங்ககிட்ட நாற்பத்தோரு முகவரி. ஒவ்வொண்ணுக்கும் நாங்க ஒரு பேர் வெச்சிருக்கோம். எல்லாம் ஒரே கோப்பு, வரிக்கு ஒண்ணு. மாசம் ஒரு தடவை உட்கார்ந்து செத்துப்போன முகவரியை எல்லாம் எடுத்துடுவேன்.”

அவர் ஒரு எழுத்தைத் தட்டினார். பட்டியல் விரிந்தது. யோஸ்ட் வாய்விட்டுப் படித்தான். “‘முழங்கால்’. இது யாரு?”

“பிசியோதெரபிக்கு நாள் கேக்கற பக்கம்.”

“‘புளுகு’?”

“வானிலை.”

“‘தலைவலி’?”

“நகராட்சி.”

“‘ஞாயிறு’?”

“சிபில் வீடியோவுல பேசற பக்கம்” என்று லீஸ்பெத் சமையலறையிலிருந்து சொன்னார். “அன்னிக்குத்தான் பேசுவா.”

சிபில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“இது கூடப் பரவாயில்ல, எங்க சித்தியோட பக்கத்துக்கு நான் வெக்கற பேரை இங்க சொல்ல முடியாது” என்றான் யோஸ்ட். “சலவைப் பக்கத்துக்கு என்ன...”

“நிறுத்து” என்றாள் உர்சினா. “க்ளெமென்ஸ், அந்தப் பட்டியலை மூடுங்க. சலவைப் பக்கத்தோட பேரை யாரும் சொல்ல வேண்டாம். ட்ரூப், நீங்க உட்காருங்க. சலவைப் பக்கத்தைத் திறந்து காட்டுங்க.”

“நானா?”

“நீங்கதான். உங்க ஆபீஸ்ல தினமும் திறக்கறீங்களே.”

ட்ரூப் உட்கார்ந்தார். முதலில் மவுஸைத் தேடினார். விசைப்பலகையைத் தூக்கிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு ஆட்காட்டி விரலை நீட்டி, வெந்நீரைத் தொடுவது போல் ஒரு எழுத்தைத் தட்டினார். பக்கம் காணாமல் போனது. “ஐயோ” என்று இன்னொன்றைத் தட்டினார். வேறொரு பக்கம் வந்து தலைகீழாக ஓடியது. பதறிப்போய் நாலைந்து எழுத்தைச் சேர்ந்தாற்போல் அழுத்தினார்.

பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல், உணர்ச்சியே இல்லாமல், “நான்கு பக்கங்கள் மூடப்பட்டன” என்றது.

ட்ரூப் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “இந்தப் பொம்பளையா! அன்னிக்கும் இவதானே பேசினா! நான் ரேடியோன்னு இல்ல நினைச்சேன்!”

சமையலறையில் அச்சு மாவில் பதியும் சத்தம் நின்றது.

“என்னிக்கு?” என்று உர்சினா மெதுவாகக் கேட்டாள்.

“புதன்கிழமை. ரேடியேட்டர் அடியில மண்டி போட்டிருந்தேன். பின்னால ஏதோ கிழமையைச் சொல்லிச்சு. செவ்வாயோ என்னவோ. ரேடியோவுல கிழமை சொல்றது சகஜம்தானே?”

“நாற்காலியில யாரு இருந்தாங்க?”

“என் சாமான் பை இருந்துச்சு. ஈரமா இருந்துச்சுன்னு கீழ ஒரு துணி கூடப் போட்டேன்.”

“அப்போ விசைப்பலகையைத் தொட்டது?”

ட்ரூப் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் வெளுத்தது. “யாரும் தொடல.”

யோஸ்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். “போச்சு. ஒரு நல்ல குற்றவாளி கையில கிடைச்சான், இப்படிச் சாட்சியா மாறிட்டானே. மேடம், பேய்க்கு என்ன சலவை மேல அவ்வளவு கோபம்? எப்பவும் வெள்ளைதானே போடுது.”

“க்ளெமென்ஸ்” என்றாள் உர்சினா. “அடியில திறக்கற அந்த வரியில தட்டினதை எல்லாம் இந்த பிரவுசர் நினைவு வெச்சிருக்குமா?”

“ரெண்டு மாசத்துக்கு வெச்சிருக்கும். ஆனா அதை நான் பார்த்ததே இல்லையே! முகவரியை அழிப்பேன், இதைத் தொட மாட்டேன்.” அவர் வேகமாகத் தட்டினார். புதன்கிழமை விரிந்தது. எல்லாரும் அவர் தோளுக்கு மேல் குனிந்தார்கள், சிபிலைத் தவிர.

அன்று பிற்பகலில் ஐந்து வரிகள்தான் இருந்தன. 2.07: ‘செவ்வாய்’. அப்படிப் பெயர் இல்லை. 2.08: மறுபடியும் ‘செவ்வாய்’. அப்படிப் பெயர் இல்லை. 2.08: சேமித்த முகவரிகளுக்குள் கூட்டுறவின் பெயரைப் போட்டு ஒரு தேடல். 2.09: ‘வியாழன்’. 2.10: பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை.

“பாருங்க, தடுமாற்றம் இல்ல” என்றாள் உர்சினா. “ட்ரூப் ஒரு நிமிஷத்துல நாலு பக்கத்தை மூடினார். இந்த ஆளு ஒரு எழுத்துக்கூடத் தப்பா தட்டல. பேர் கிடைக்கலைன்னதும் எப்படித் தேடணும்னும் தெரிஞ்சிருக்கு. தப்பானது ஒரே ஒரு விஷயம், கிழமை. க்ளெமென்ஸ், சலவைப் பக்கத்தோட பேர் வியாழனா?”

“வியாழன்தான். எங்க துவைக்கிற நாள்.”

“செவ்வாய்?”

“அது பழைய நாள். செப்டம்பர்ல ஏழாம் நம்பருக்கு இரட்டைக் குழந்தை பொறந்துச்சு. வாரத்துல ரெண்டு நாள் வேணும்னாங்க. ட்ரூப் எல்லார் நாளையும் மாத்திப் போட்டார். நான் அன்னிக்கே பேரையும் மாத்திட்டேன். ஒரே முகவரிக்கு ரெண்டு பேர் இருந்தா, ஒரே தண்டவாளத்துல ரெண்டு வண்டி விட்ட மாதிரி.”

“மூணு வாரம் தூங்கல நான், அந்த அட்டவணையால” என்றார் ட்ரூப்.

“அதனாலதான் நீங்க செவ்வாய்னு தட்டியிருக்க முடியாது” என்றாள் உர்சினா. “இந்தக் கட்டடத்துல யாருமே தட்டியிருக்க முடியாது. இங்க பக்கத்து வீட்டுக்காரன் பேரை மறப்பாங்க, அவன் துவைக்கிற நாளை மறக்க மாட்டாங்க.”

எங்கள் ஊரைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். “லீஸ்பெத் அம்மா. இந்தக் குரல் அங்க வரைக்கும் கேக்குமா?”

“கேக்கும்.”

“புதன்கிழமை கேட்டுதா?”

“கேட்டுது.”

“யார்கிட்டயும் சொல்லலையே?”

லீஸ்பெத் ஒரு நட்சத்திரத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். அதன் ஐந்து முனையையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“லீஸ்பெத்?” என்றார் க்ளெமென்ஸ். “உனக்குத் தெரியுமா? என் மானம் சந்தி சிரிக்குது, நீ சும்மா இருந்தியா?”

உர்சினா அவரைத் தன் பக்கம் திருப்பினாள். “ஒரே ஒரு கேள்வி. வெளியூர்ல இருந்துக்கிட்டு இந்த மெஷினை ஓட்ட ஏதாவது வழி இருக்கா?”

“இருக்கே. ரெண்டு வருஷமா இருக்கு. இந்தப் பேரெல்லாம் சேர்ந்து உட்கார்ந்து வெச்சோமே, அப்போ போட்டதுதான். லீஸ்பெத்துக்கு எங்கயாவது சிக்கிக்கிச்சுன்னா, லோசான்ல இருந்தே சிபில் உள்ள வந்து...”

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. ரயில்வேயில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர், வண்டி எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்ததும் மகளை நிமிர்ந்து பார்த்தார். சிபில் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசியா எப்போ இங்க வந்தீங்க சிபில்?” என்று உர்சினா கேட்டாள்.

“ஆகஸ்ட்ல.”

“செவ்வாய்க்கிழமையா இருந்த வரைக்கும்.”

“ஆமா.” அவள் திரும்பினாள். “வெறும் சலவைதானே அப்பா! யாருக்கும் ஒண்ணும் ஆகலையே!”

“வெறும் சலவையா?” என்றார் ட்ரூப். யோஸ்ட் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

“அதான் அட்டைப்பெட்டி” என்றான் யோஸ்ட். பிறகு அவனுக்கு வேறொன்று உறைத்தது. “ஒரு நிமிஷம். நீங்களே செஞ்சிட்டு, கண்டுபிடிக்க எங்களையே ஏன் கூப்பிட்டீங்க?”

“அப்பா போலீசுக்குப் போறேன்னார். நான் ஆள் வைக்கறேன்னு சொல்லித் தடுத்தேன்.” சிபில் தயங்கினாள். “உங்க இணையப் பக்கத்துல ரெண்டு பூனையைக் கண்டுபிடிச்சதாத்தான் போட்டிருந்துச்சு.”

“மூணு!” என்றான் யோஸ்ட்.

“மூணாவது தானாவே வந்துச்சு” என்றாள் உர்சினா. அவள் காது சிவந்திருந்தது. எத்தனையோ கேஸில் அவளை அடித்திருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். கண்டுபிடிக்க மாட்டாள் என்று நம்பி அமர்த்தியது இதுதான் முதல் முறை. நன்றாகவே வலித்தது.

க்ளெமென்ஸ் எழுந்தார். “ஏன்டி? சொந்தப் பெத்தவங்களைத் தெருவுல நிறுத்தவா?”

“தெருவுலயா? மூணு மாசமா தரைத்தளத்துல ஒரு வீடு பிடிச்சு வெச்சிருக்கேன், என் வீட்டுக்குப் பக்கத்துல! எத்தனை தடவை கேட்டேன்? ‘பாக்கலாம்’, ‘பாக்கலாம்’. ஏப்ரல்ல அம்மா அடித்தளப் படியில விழுந்தாங்க. எனக்கு ஜூன்லதான் தெரியும். அக்டோபர்ல மறுபடி விழுந்தாங்க. அதை நீங்க சொல்லவே இல்ல, ட்ரூப் போன்ல வாய் தவறிச் சொன்னார். ஒரு நாளைக்கு போன் வரும்ப்பா. அம்மா படிக்குக் கீழ கிடக்காங்கன்னு வரும். நீங்களா கிளம்ப மாட்டீங்க. அவங்க போகச் சொன்னா கிளம்புவீங்கன்னு நினைச்சேன்.” அவள் அழுதாள். நடிப்பு இல்லை. போனில் உர்சினாவிடம் அழுததும் நடிப்பாக இருந்திருக்காது.

யோஸ்ட் கூட வாயை மூடிக்கொண்டான்.

லீஸ்பெத் கை கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். எதையும் பிடிக்காமல், மேஜை முனையிலிருந்து ஒரு விரல்கடை விலகி, நேராக மகளிடம் வந்து நின்றார்.

“விழுந்தேன். உண்மைதான். எழுந்துட்டேன், அதுவும் உண்மை. இங்கேருந்து கீழே முப்பத்தொரு படி. எது தேய்ஞ்சதுன்னு தெரியும், எதுல ட்ரூப் பக்கெட்டை வெச்சிட்டு மறப்பார்னும் தெரியும்.”

“ஒரு தடவைதான்” என்றார் ட்ரூப்.

“ரெண்டு தடவை. சிபில், உன் ஊருல தண்ணி குடிக்கணும்னாக்கூட நான் உன்னைக் கூப்பிடணும். நீ ஆபீஸ்ல இருப்ப. சாயந்திரம் வரைக்கும் நாற்காலியில உட்கார்ந்திருப்பேன், விழாம, பத்திரமா. அதைத்தான் நீ எனக்கு வாங்கி வெச்சிருக்க.”

“அம்மா...”

“என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன்னு உனக்குத் தெரியும். அதனாலதான் கேக்காம செஞ்ச. குரலைக் கேட்டதுமே நீதான்னு தெரிஞ்சுது. செவ்வாய்னு தட்ட வேற யாரு இருக்கா? நீயே வந்து சொல்லுவேன்னு மூணு நாளா காத்திருந்தேன். நீ பெட்டியைக் கொண்டு வந்த.”

சிபில் முகத்தை மூடிக்கொண்டாள்.

“மணி நாலு இருபது” என்றாள் உர்சினா. சொல்லப் பிடிக்காமல்தான் சொன்னாள்.

கூட்டுறவின் தலைவிக்கு சிபில் போன் செய்தாள். ஸ்பீக்கரில் தலைவியின் குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு, “வாய்வார்த்தை செல்லாது. எழுத்துல வேணும். அஞ்சு மணிக்கு முன்னாடி. தேதி போடுங்க” என்றது. மனிதகுலமே அழிந்து தேவதூதர்கள் வந்து கொம்பு ஊதினாலும் எங்கள் ஊர்த் தலைவிகள் தேதி போடச் சொல்வார்கள்.

சிபில் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் விரல்கள் தயங்கவே இல்லை. இரண்டு எழுத்தில் கடிதப் பக்கம் திறந்தது. ஒவ்வொரு வரியும் முடிந்ததும் பெட்டிக்குள்ளிருந்த பெண் அதைப் படித்தாள். நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

“நான், சிபில் ஃப்ராய்லர், புதன்கிழமை பிற்பகல் லோசானிலிருந்து என் தாயின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சலவை நாட்களை அழித்தேன்” என்றது குரல். “என் பெற்றோருக்கு இது தெரியாது” என்றது. “அவர்கள் இந்த வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பதற்காகச் செய்தேன்” என்றது. வானிலை சொல்லும் அதே தொனி. க்ளெமென்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது.

“‘வருந்துகிறேன்’னு ஒரு வரி போடும்மா” என்றார் ட்ரூப் தணிந்த குரலில். “பஞ்சு விவகாரத்துலயும் நாங்க எதிர்பார்த்தது அவ்வளவுதான்.”

சிபில் போட்டாள். “வருந்துகிறேன்” என்றது குரல்.

நாலு நாற்பத்தைந்துக்குத் தலைவியின் பதில் வந்தது. வாக்கெடுப்பு ரத்து. மூன்றாம் புகார் விலக்கப்படுகிறது. முதல் இரண்டும் அப்படியே இருக்கும்.

“அதுவும் சரிதான்” என்றார் ட்ரூப். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கீழே போனார். போகும்போது அட்டைப்பெட்டிக் கட்டையும் தூக்கிக்கொண்டு போனார், சனிக்கிழமை பழைய அட்டையை வெளியே போடும் நாள் இல்லை என்று முணுமுணுத்தபடி.

சிபில் எழப் போனாள். லீஸ்பெத் அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தார்.

“இன்னும் ஒரு வேலை பாக்கி. அந்த வழியை அடை.”

“அம்மா, நடுவுல மெஷின் நின்னுபோச்சுன்னா நான் எப்படி...”

“நின்னா நிக்கட்டும். அடை.”

சிபில் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தட்டினாள்.

“வெளி இணைப்பு நீக்கப்பட்டது” என்றது குரல்.

லீஸ்பெத் தலையசைத்தார். “என்கிட்ட வர வேண்டாம்னு நான் சொல்லல. வா. ஞாயித்துக்கிழமைதான்னு இல்ல, எப்ப வேணும்னாலும் வா. ஆனா பெல் அடிச்சிட்டு வா.”

சிபில் மேலங்கியை எடுத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் நிமிரவில்லை. வெளியே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யோஸ்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான், உர்சினா அவன் காலை அழுத்தி மிதித்தாள். படியில் இறங்கும் காலடிக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். காலடி கேட்கவில்லை.

பெல் அடித்தது.

க்ளெமென்ஸ் சட்டென்று எழுந்தார். லீஸ்பெத் கையை நீட்டி அவரைத் தடுத்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, அவசரப்படாமல் நடந்து போய், தாழ்ப்பாள் மேல் கையை வைத்தார்.

“யாரு?” என்று கேட்டார்.